ஜிப்ஸிக்கு ஃபைபர் டாப்: ஒழுகாமல் உட்கார வைத்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு என் மாருதி ஜிப்ஸி ஜீப்பில் போய் வந்தோம். ஆழியாறு தாண்டி, 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதிலோ பத்தாவதிலோ மழை பிடித்தது. வால்பாறை போய்ச் சேரும்வரை விடவில்லை. வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாக டிரைவர் பக்கக் கால் மேட்டைத் தூக்கி, அடியில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. பின்னால் தரை முழுக்கப் பழைய செய்தித்தாள் விரித்து வைத்திருந்தேன். அதிலும் ஒரு சொட்டுக் கறை இல்லை. பிப்ரவரியில் தொடங்கிய ஃபைபர் டாப் (கழற்றி மாட்டும் கூரை) வேலை ஆகஸ்டில் முடிந்தது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

வண்டி 1998 ஜிப்ஸி கிங். 1.3 லிட்டர் கார்புரேட்டர் இன்ஜின், ஐந்து கியர். ஆர்.சி.யில் ஹார்ட் டாப் என்றுதான் இருக்கிறது. ஆனால் எனக்கு முன்னால் வைத்திருந்தவர் டாப்பைக் கழற்றிவிட்டு, குழாய் வளைத்து கேன்வாஸ் போட்டிருந்தார். கழற்றிய டாப் எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. கேன்வாஸோடு நான்கு மழைக்காலம் ஓட்டினேன். மழையில் கண்ணாடித்தாள் ஜன்னல் பனி மூட்டம்போல் ஆகிவிடும், பக்கவாட்டில் எதுவும் தெரியாது. மலைப்பாதையில் அது பயமான விஷயம். இன்னொரு காரணமும் உண்டு. கம்பெனி கொடுத்த மூல அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆர்.சி.யில் ஒன்று, வண்டியில் ஒன்று என்று இருப்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. டாப்பைத் திரும்பப் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

பிப்ரவரியில் கோவை உக்கடத்தில் பழைய வண்டிச் சாமான் விற்கும் இடத்தில் ஒரு ஃபைபர் டாப் கிடைத்தது. கண்ணாடியோடு 14,000 ரூபாய். பின் மூலை இரண்டிலும் விரிசல், வலது பக்கம் போல்ட் துளையைச் சுற்றி நட்சத்திரம்போல் வெடிப்பு, பக்கக் கண்ணாடி ரப்பர் கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. உள்பக்கம் தட்டிப் பார்த்தேன். பெரும்பாலும் கணீரென்ற சத்தம். பின் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் பொத்தென்று கேட்டது. அங்கே அடுக்கு விட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். பழைய ஃபைபர் வாங்குகிறவர்கள் கண்ணால் பார்ப்பதைவிட ஒரு ரூபாய் நாணயத்தால் ஓரம் முழுக்கத் தட்டிக்கொண்டே போவது நல்லது. குட்டியானையில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவர 1,800 ரூபாய்.

முதலில் எடை பார்த்தேன். குளியலறைத் தராசு இரண்டு, என்னுடையது ஒன்று, மச்சானுடையது ஒன்று. முன் பக்கம் 27 கிலோ, பின் பக்கம் 34 கிலோ, ஆக மொத்தம் 61 கிலோ. இரண்டு பேர் தூக்கலாம்தான். ஆனால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி இறக்க முடியாது. ஒரு தடவை இறக்கினால் போதும் என்று அப்போது நினைத்திருந்தேன். கடைசியில் எண்ணிப் பார்த்தால் பதினொரு தடவை ஏற்றி இறக்கியிருக்கிறோம். தேங்காய்க் கொட்டகையின் நடு உத்தரத்தில் அரை டன் செயின் பிளாக் (சங்கிலி இழுத்துச் சுமை தூக்கும் கப்பி) மாட்டினோம், அது இரவல். முதல் தடவை கயிறு கட்டித் தூக்கியபோது டாப் ஒரு பக்கமாகச் சாய்ந்து, முன் விளிம்பு உத்தரத்துத் தூணில் இடித்து ஜெல்கோட் (ஃபைபரின் வெளிப்பூச்சு) பெயர்ந்தது. அதற்குப் பிறகு 50 மி.மீ. அகலப் பெல்ட் இரண்டு வாங்கினேன், 1,300 ரூபாய். இரண்டு பெல்ட்டுக்கும் நடுவில் நான்கடி சவுக்குக் கம்பு ஒன்றைக் குறுக்காகக் கொடுத்ததும் டாப் நேராக நின்றது. கம்பு இல்லாவிட்டால் பெல்ட் இரண்டும் உள்நோக்கி இழுத்து டாப்பின் பக்கங்களை நெருக்கிவிடும்.

ஃபைபர் வேலை ஏப்ரலில். விரிசலை வெளியே பட்டி போட்டு மூடினால் ஒரு மாதத்தில் அதே கோடு திரும்ப வரும். உள்பக்கத்திலிருந்து கட்ட வேண்டும். டாப்பின் கனம் அந்த இடத்தில் 3 மி.மீ. இருந்தது. கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். அதாவது விரிசலுக்கு இரண்டு பக்கமும் 36 மி.மீ. நான்கு அங்குல கிரைண்டரில் 60 நம்பர் டிஸ்க் போட்டுத் தேய்த்தேன். ஃபைபர் தூள் தோலில் பட்டால் இரண்டு நாள் அரிக்கும், மூச்சில் போனால் அதைவிட மோசம். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் டேப், நல்ல மாஸ்க், இவை இல்லாமல் கிரைண்டரைத் தொட வேண்டாம்.

ரெசின் (பிசின்) ஐந்து கிலோ, ஃபைபர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) மூன்று கிலோ வாங்கினேன். ரெசினை இறுக வைப்பது ஹார்ட்னர், அதை வேகப்படுத்துவது கோபால்ட். கடைக்காரர் ரெசினோடு இரண்டையும் தனித்தனிப் புட்டியில் கொடுத்தார். இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். கோபால்ட்டும் ஹார்ட்னரும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுக்கக் கலக்க வேண்டும். அப்புறம்தான் ஹார்ட்னர். இரண்டு புட்டியையும் ஒரே பையில் வீட்டுக்குக் கொண்டுவரக்கூட வேண்டாம்.

முதல் கலவையில் ஹார்ட்னர் நூற்றுக்கு இரண்டு பங்கு போட்டேன். ஏப்ரல் மதியம், கொட்டகைக்குள் 36 டிகிரி. எட்டே நிமிடத்தில் மக்கில் இருந்த அரைக்கிலோவும் இறுகி, கையில் பிடிக்க முடியாத சூடு, புகை. அப்படியே மண்ணில் வைத்துவிட்டு விலகி நின்றேன். மறுநாள் காலை ஆறரை மணிக்கு, நூற்றுக்கு ஒன்று, ஒரு தடவைக்கு 200 கிராம் மட்டும். 25 நிமிடம் கிடைத்தது. பிரஷால் தடவாமல், குத்திக் குத்தி மேட்டுக்குள் ரெசினை இறக்க வேண்டும். வெள்ளையாகத் தெரிகிற மேட், ரெசின் இறங்கியதும் கண்ணாடிபோல் ஆகும். வெள்ளைப் புள்ளி எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே காற்று மாட்டியிருக்கிறது. முதல் அடுக்கு சின்னது, அடுத்தது அதைவிட ஓர் அங்குலம் பெரியது, அப்படி நான்கு அடுக்கு. போல்ட் துளைகளை முழுக்க அடைத்துவிட்டு, உள்பக்கம் 2 மி.மீ. அலுமினியத் தகடு வைத்து மேலே ஓர் அடுக்கு மேட் போட்டேன். மறுபடி துளை போட்டது மே மாதம்.

அந்தத் துளையில்தான் என் முதல் பெரிய தவறு. வண்டியில் டாப்பை இறக்கி, பழைய துளை இருந்த இடத்தையே அளந்து போட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் நான்கு நான்கு, முன்னால் விண்ட்ஷீல்டு (முன் கண்ணாடி) ஃபிரேமின் தலையில் மூன்று, ஆகப் பதினொன்று. எல்லாம் 8 மி.மீ. போல்ட். நான்கு இடத்தில் துளை 3 மி.மீ. தள்ளி நின்றது. வேறு ஒரு வண்டியில் இருபது வருடம் உட்கார்ந்திருந்த டாப், அந்த வண்டியின் கோணலுக்குப் பழகியிருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. துளையை ஓவலாக அரவி, போல்ட்டை முறுக்கி இழுத்து உட்கார வைத்தேன். அடியில் கடையில் கிடைத்த சாதா ஸ்பாஞ்சுப் பட்டை. மூட்டு முழுக்க சிலிக்கான், ஆறு டியூப், 1,320 ரூபாய். பார்க்க அருமையாக இருந்தது. பெயின்ட் கடையில் கொடுத்து வெள்ளை அடித்தேன், 4,500.

ஜூன் மாதம் முதல் மழை. அட்டகட்டி தாண்டுவதற்குள் என் வலது முழங்காலில் ஒரு சொட்டு விழுந்தது. சரியாக ஒரே இடத்தில், பத்து நொடிக்கு ஒன்று. அப்புறம் வலது வளைவு திரும்பும்போது மட்டும் பின் சீட்டில் கொத்தாகத் தண்ணீர் ஊற்றியது. வீட்டுக்கு வந்து பார்த்தால், கட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே வலது பின் மூலையில் புதிதாக முடி போன்ற விரிசல். இன்னும் சிலிக்கான் வாங்கலாம் என்று மறுபடி கடைக்குப் போகக் கிளம்பினேன். வழியில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் வண்டியை நிறுத்திச் சுற்றிப் பார்த்தார்.

"போல்ட்ட மொத்தமா கழட்டிருங்ணா. டாப்பு அதுவா எங்க உக்காருதுன்னு மொதல்ல பாருங்க. நீங்க இழுத்து உக்கார வெச்சா அது எந்திரிக்கத்தான் பாக்கும்."

இந்த மூன்று வரி ஆலோசனைக்கு அவர் காசு வாங்கவில்லை. மொத்த வேலையும் அங்கேதான் திரும்பியது.

சிலிக்கானைச் சுரண்டி எடுக்க இரண்டு முழு நாள். அது பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது, வேறு பசையும் ஒட்டாது. நான் வாங்கியது வினிகர் வாசனை அடிக்கும் வகை. அந்த அமிலம் பட்டு, தொட்டியின் (டாப் உட்காரும் கீழ் பாடியின்) மேல் விளிம்பில் பெயின்ட் போயிருந்த இடமெல்லாம் ஒரே மாதத்தில் செந்துரு. ஸ்பாஞ்சைப் பிழிந்தால் அரை டம்ளர் தண்ணீர் வந்தது. அதுவும் சேர்ந்து இரும்பை ஈரத்திலேயே வைத்திருந்திருக்கிறது. கம்பி பிரஷ், துரு மாற்றி, எப்பாக்சி பிரைமர் என்று அது தனி வேலை.

அப்புறம் அளந்தேன். கதவுத் தூணிலிருந்து பின் மூலை வரை தொட்டியின் விளிம்பில் நூல் பிடித்தேன். இடது பக்கம் நூல் முழுக்கத் தொட்டுக்கொண்டே போனது. வலது பக்கம் நடுவில் 5 மி.மீ. பள்ளம், தச்சர் கணக்கில் ஒன்றரை நூலுக்குக் கொஞ்சம் மேல். கேன்வாஸ் குழாய்க்காக யாரோ அங்கே தகடு வைத்து அடித்திருக்கிறார்கள். அடுத்து குறுக்கு அளவு. விண்ட்ஷீல்டின் வலது தலையிலிருந்து இடது பின் மூலை, இடது தலையிலிருந்து வலது பின் மூலை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 9 மி.மீ. வித்தியாசம். விண்ட்ஷீல்டு ஃபிரேம் ஒரு பக்கம் முன்னால் சாய்ந்திருந்தது. முழங்காலில் விழுந்த சொட்டுக்குக் காரணம் அதுதான். டாப்பின் முன் உதடு வலது மூலையில் ஃபிரேமைத் தொடவே இல்லை, நடுவில் சிலிக்கான் மட்டும் பாலம் போட்டிருந்தது. ஃபிரேமின் அடியில் உள்ள கீல் போல்ட்டுகளைத் தளர்த்தி, மெதுவாகத் தள்ளி, குறுக்கு அளவு வித்தியாசத்தை 2 மி.மீ.க்குக் கொண்டுவந்து இறுக்கினேன்.

இனி டாப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் எங்கே எவ்வளவு இடைவெளி என்று தெரிய வேண்டும். உள்ளே கை போகாது, டார்ச் அடித்தாலும் அளவு தெரியாது. அதற்குத்தான் சப்பாத்தி மாவு. கெட்டியாகப் பிசைந்து, எலுமிச்சைக்குச் சற்றுச் சின்னதாக உருண்டை பிடித்து, ஒவ்வொன்றையும் பாலிதீனில் சுற்றி, விளிம்பு முழுக்க ஒரு முழத்துக்கு ஒன்றாகப் பதினாறு இடத்தில் வைத்தோம். அசையாமலிருக்க நான்கு மூலையிலும் 6 மி.மீ. பிளைவுட் துண்டு. செயின் பிளாக்கில் டாப்பைத் தன் எடையில் முழுக்க இறக்கி, ஐந்து நிமிடம் விட்டுத் தூக்கினோம். மனைவி ஒவ்வோர் அப்பளத்தையும் கத்தியால் பாதியாக வெட்ட, நான் ஸ்கேலில் கனத்தை அளந்து, பக்கத்திலேயே பெயின்ட்டின் மேல் மார்க்கரால் எழுதினேன். இடது பக்கம் 6, 6, 7, 7, 6. வலது பக்கம் 6, 9, 12, 11, 7. முன்னால் 7, 6, 8. பின்னால் 8, 9, 6. வலது பக்கத்தில் போல்ட்டை முறுக்கியபோது ஃபைபரை 6 மி.மீ. கீழே வளைத்திருக்கிறேன். பின் மூலை விரிந்ததற்கு வேறு காரணம் தேடவே வேண்டியதில்லை.

அந்த எண்களை வைத்து, பள்ளமான இடத்தில் 3 மி.மீ. நியோபிரீன் ரப்பர் ஷீட்டைப் படிக்கட்டுபோல் ஒன்றோ இரண்டோ அடுக்கு ஒட்டி, விளிம்பைச் சமமாக்கினேன். அதற்கு மேல் சுற்றிலும் ஒரே நீளமாக 12 மி.மீ. ஈபிடிஎம் என்ற ரப்பர் ஸ்பாஞ்சுப் பட்டை, ஒன்பது மீட்டர், மீட்டருக்கு 90 ரூபாய். மூடிய துளை வகை என்று கேட்டு வாங்க வேண்டும். தண்ணீரில் முக்கிப் பிழிந்தால் உள்ளே ஈரம் ஏறியிருக்கக் கூடாது. மூலையில் வெட்டக் கூடாது, வளைத்துக் கொண்டுபோக வேண்டும். இணைப்பு ஒன்றே ஒன்று, பின் கதவுக்கு மேல், சாய்வாக வெட்டி ஒட்டியது. 12 மி.மீ. பட்டை அழுந்தி 8 ஆகும் வரைதான் போல்ட்டை முறுக்கினேன். அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம். அளவு தப்பாமலிருக்க ஒவ்வொரு போல்ட்டுக்கும் 8 மி.மீ. நீள ஸ்டீல் புஷ் (குழாய்த் துண்டு) ஒன்று கடைசலில் போட்டு வாங்கி, பட்டையில் துளையிட்டு உள்ளே வைத்தேன். மேலே 30 மி.மீ. அகல வாஷர். பழைய ஓவல் துளைகளை மறுபடி அடைத்து, டாப் தானாக உட்கார்ந்த இடத்தில், கீழிருந்து குறி வைத்துப் புதிதாகப் போட்டேன். வண்டியின் மரை இரண்டு தேய்ந்திருந்தது, அங்கே ரிவெட் நட் (தகட்டில் ரிவெட்போல் அடித்துப் பொருத்தும் நட்). போல்ட், புஷ் எல்லாம் சேர்த்து 450 ரூபாய்.

ஹோஸ் சோதனை செய்யும்போது கீழிருந்து மேலாகப் போக வேண்டும். முதலிலேயே மேலே தண்ணீர் அடித்தால், சொட்டு எங்கிருந்து வருகிறது என்று கடைசிவரை தெரியாது. மச்சான் உள்ளே டார்ச்சோடு, மூட்டு முழுக்க முகப்பவுடர் தூவி. முதலில் தொட்டி விளிம்பு, ஐந்து நிமிடம், ஒன்றுமில்லை. பக்கக் கண்ணாடியின் கீழ்ப்பகுதிக்கு வந்ததும் "வருது மாமா!" என்றான். சறுக்குக் கண்ணாடியின் அடித் தடத்தில் தண்ணீர் வெளியேறச் சின்னத் துளைகள் உண்டு. இருபது வருட மண்ணில் அவை மூடிப்போய், தடம் தொட்டிபோல் நிரம்பி, வண்டி சாயும்போது உள்ளே ஊற்றியிருக்கிறது. வலது வளைவில் மட்டும் பின் சீட் நனைந்ததன் ரகசியம் இதுதான். சைக்கிள் போக்ஸ் கம்பியால் குத்தி எடுத்தேன், கருப்பாகக் குழம்புபோல் வந்தது. கண்ணாடி ரப்பரையும் புதிதாக மாற்றினேன், 1,400.

கடைசியாக ஊதுபத்தி. டாப் போட்ட வண்டியில் பின் கதவு சரியாக மூடாவிட்டால், ஓடும்போது பின்னால் உருவாகும் இழுப்பில் சைலன்சர் புகை உள்ளே வரும். கேன்வாஸில் எல்லாப் பக்கமும் காற்று புகுவதால் இது தெரியாது. மூடிய டாப்பில் தலைவலியிலிருந்து உயிராபத்து வரை போகும். முன் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, மச்சான் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து கதவின் ஓரம் முழுக்க ஊதுபத்தியை நகர்த்தினேன். கீழ் இடது மூலையில் புகை சட்டென்று என் பக்கம் வளைந்தது. அங்கே ரப்பரின் அடியில் ஒரு துண்டு பட்டை கூடுதலாக வைத்ததும் நேராக நின்றது.

செலவு: டாப் 14,000, வண்டி வாடகை 1,800, ரெசின் 1,100, மேட் 600, ஈபிடிஎம் 810, போல்ட் 450, கண்ணாடி ரப்பர் 1,400, பெல்ட் 1,300, பெயின்ட் 4,500, வீணான சிலிக்கான் 1,320. மொத்தம் 27,280 ரூபாய். துரு வேலைக்கும் நியோபிரீனுக்கும் வீட்டில் கிடந்ததையே பயன்படுத்தினேன்.

அடுத்த முறை என்றால் மாவு உருண்டைதான் முதல் நாள் வேலை. ரெசின் வாங்குவதற்கும் முன்னால். பெயின்ட் அடிப்பது, மற்ற எல்லா வேலையும் முடிந்து ஒரு மழை பார்த்த பிறகுதான். துளைகளை அடைத்ததில் வலது பக்கப் பெயின்ட் இப்போது நான்கு இடத்தில் திட்டுத் திட்டாக இருக்கிறது, அதை ஜனவரியில்தான் தொடுவேன். கூரையின் மேல் கேரியர் வைக்கச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். வைக்க மாட்டேன். இந்த ஃபைபர் மழைக்கும் வெயிலுக்கும்தான். சுமைக்கும் இல்லை, வண்டி உருண்டால் தலையைக் காக்கவும் இல்லை.

டாப்பைக் கழற்ற இப்போது பதினொரு போல்ட், 12-ம் நம்பர் ஸ்பேனர் ஒன்று, இரண்டு பேர், இருபது நிமிடம். பிப்ரவரியில் கழற்றி கொட்டகையிலேயே தொங்கவிடப் போகிறேன். நான்கு மூலையும் ஒரே மட்டத்தில் தாங்கும்படி இரண்டு பெல்ட், நடுவில் அதே சவுக்குக் கம்பு. சுவரில் சாய்த்து வைத்தால் ஒரே கோடையில் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் பதினாறு உருண்டையும் மறுபடி பிடிக்க வேண்டிவரும். மார்க்கரில் எழுதிய எண்களை இன்னும் அழிக்கவில்லை. பட்டைக்கு அடியில், பெயின்ட்டின் மேல், அப்படியே இருக்கின்றன.